இனமும் அளவும்: தமிழகச் சுறாக்களின் பாதுகாப்பில் ஒரு விடுபாடு

சுறாக்களைக் காப்பது பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் துறைமுகத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் கன்னியாகுமரி மாவட்டக் கரைகளில் இறங்கும் மீன், பனிக்கட்டியில் பொதியப்பட்டு, நான்குவழிச் சாலையில் கப்பலூரைக் கடந்து மதுரையின் சந்தைகளை அடைந்து, சுறாப் புட்டாக இலையில் விழும் வரை நீளும் வழியையும் சேர்த்து நோக்கினால்தான் சிக்கலின் முழு வடிவம் புலப்படும். சுறாத் துடுப்பின் ஏற்றுமதியைக் கண்காணிக்கும் சட்டங்கள், உள்நாட்டில் சிறு சுறாக்களின் இறைச்சிக்கு இருக்கும் தேவையைத் தொடுவதில்லை என்பதும், இனத்தையும் உடல் நீளத்தையும் இணைத்துப் பார்க்காத எந்த விதியும் பயன் தராது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சுறாக்கள், திருக்கைகள், உழுவைகள் ஆகியவை எலும்புக்கு மாறாகக் குருத்தெலும்பாலான உடற்சட்டம் கொண்டவை என்பதால் குருத்தெலும்பு மீன்கள் என ஒரே வகுப்பில் வைக்கப்படுகின்றன. உலகில் 500-க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றின் வாழ்க்கைமுறைகளோ ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை. பவளப்பாறைகளிடையே வாழும் மூங்கில் சுறாக்கள் முட்டையிடுகின்றன. பால் சுறாவும் சுத்தியல்போன்ற தலையுடைய கொம்பன் சுறாவும், பாலூட்டிகளைப் போலவே தொப்புள்கொடி வழியாக ஊட்டி வளர்த்த குட்டிகளை ஈனுகின்றன. ஒரு முறைக்குப் பல்லாயிரக்கணக்கில் முட்டையிடும் மத்தி, அயிலை போன்ற மீன்களைப் போல இவை இழப்பை விரைவில் ஈடுசெய்ய இயலாது. 2021-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு, குருத்தெலும்பு மீன் இனங்களுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை அழிவின் விளிம்பை நோக்கிச் செல்வதாகக் கண்டதும், அதற்கு மிகைமீன்பிடிப்பையே முதன்மைக் காரணமாகச் சுட்டியதும் இதனால் வியப்புக்குரியவை அல்ல.

தாய்ப்பால் சுரக்கச் சுறாப் புட்டு நல்லது என்ற நம்பிக்கை தமிழகமெங்கும் வேரூன்றியிருப்பதால், சிறிய சுறாவுக்கு எப்போதும் விலை உண்டு. சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். பால் சுறா ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்தோடு பெரும்பாலும் வளர்ச்சி முடிக்கும் இனம். 80 சென்டிமீட்டர் நீளமுள்ள பால் சுறா பெரும்பாலும் இனப்பெருக்க வயதை எட்டியிருக்கும். அதே நீளமுள்ள கொம்பன் சுறாவோ, இனப்பெருக்கத்துக்கு இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய இளங்குட்டி. தலையும் துடுப்பும் நீக்கித் துண்டுபோடப்பட்ட பின் இவ்விரண்டையும் வேறுபடுத்த வாங்குவோருக்கு வழியே இல்லை.

சட்டத்தின் வரலாறும் இந்தக் குறையையே காட்டுகிறது. 2001 ஜூலையில் நடுவண் அரசு குருத்தெலும்பு மீன்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. மீனவர்களின் கடும் எதிர்ப்பால் அதே ஆண்டு டிசம்பரில் பட்டியல் 10 இனங்களாகச் சுருக்கப்பட்டது. துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறிவதை 2013-இல் வெளியான கொள்கை தடுத்தது. 2015-இல் துடுப்பு ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. அழிவுநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இனங்களுக்கு 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் தனி அட்டவணை தந்தது. இவை யாவும் தேவையானவையே. எனினும் அவற்றின் பார்வை பெரும்பாலும் நாட்டின் எல்லையில் குவிந்திருக்கிறது.

அந்த 10 இனங்களுள் ஒன்றான புதுச்சேரிச் சுறாவின் நிலை வருந்தத்தக்கது. புதுச்சேரிக் கடற்பகுதியிலிருந்து கிடைத்த மீனைக் கொண்டு 1839-இல் அறிவியலுக்கு விவரிக்கப்பட்ட அவ்வினத்தின் உறுதியான கடைசிப் பதிவு 1979-ஐச் சேர்ந்தது; சட்டக் காப்பு வந்தது 22 ஆண்டுகள் கழித்து. அதுவும் சிறிய உடலும் கருநுனித் துடுப்பும் கொண்டதாகையால், வலையில் சிக்கினாலும் ஏனைய சிறு சுறாக்களோடு கலந்துவிடக்கூடியது. பட்டியலில் உள்ள மற்றொன்று வேளா, அதாவது வாள்போல் நீண்ட முகமுடைய திருக்கையினம். சினைச் சுறாவின் கொம்பை நட்டுப் பரதவர் வழிபட்டதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. அக்கொம்பு வேளாவுடையதாகவே இருக்க வேண்டும் எனக் கருதுவது பொருத்தமானது. ஒரு காலத்தில் வழிபாட்டுப் பொருளாகும் அளவுக்குக் கரையோடு நெருங்கி வாழ்ந்த உயிர் இன்று தமிழகக் கடலில் அரிதினும் அரிதாகிவிட்டது.

ஆகவே இனவாரியான குறைந்தபட்ச நீளத்தை விதிப்பதே அடுத்த படி. கேரளம் பல உணவு மீன்களுக்கு இத்தகைய வரம்பைச் சட்டமாக்கியுள்ளதால் இது நடைமுறைக்கு ஒவ்வாதது எனக் கூற முடியாது. சுறாவைத் துண்டுபோடாமல் முழு உடலாகவே மொத்தச் சந்தை வரை கொண்டுவர வேண்டும் என்ற விதியும் உடன் வேண்டும். அதன் பின்னரே மதுரையில் ஓர் ஆய்வாளர் கொம்பன் குட்டியைக் கண்டறிய இயலும். எந்த மாதத்தில், எத்தனை பாக ஆழத்தில், எவ்வினத்தின் குட்டிகள் சேர்கின்றன என்பதை நீரோடி முதல் இரயுமன்துறை வரையிலான தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் தலைமுறைகளாகத் தூண்டில் தொழிலில் கற்றிருக்கிறார்கள். 2001-இல் அவர்களைக் கேளாமல் இயற்றிய ஆணை ஐந்தே மாதத்தில் சுருங்கியது; நீள வரம்புகளை வகுக்கும் குழுவில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்களுக்கு இணையான இடம் அவர்களுக்கும் தரப்பட வேண்டும்.