யாக்கினிக்கு: தடுக்கப்பட்ட மாடும் வீசப்பட்ட குடலும்



கொழும்பில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் சிலர் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சேர், கொழும்பு 7 பக்கம் ஜப்பான்காரர் மாதிரி மாட்டிறைச்சி சுட்டுச் சாப்பிட நல்ல இடம் எது? நாங்க சாப்பிடலாமா?" சரித்திரம் படிப்பித்தவரிடம் சாப்பாட்டுக் கடை விசாரிக்கிறார்கள். இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமல்லவா?

முதலில் சின்னப் பதில். கொழும்பில் ஜப்பானியச் சாப்பாடு என்றால் பழைய பெயர் நிஹொன்பாஷி. ஜப்பானியத் தாய்க்கும் இலங்கைத் தந்தைக்கும் பிறந்த தர்ஷன் முனிதாச 1995இல் கொள்ளுப்பிட்டிப் பக்கம் தொடங்கியது. அதற்குப் பிறகு கறுவாத்தோட்டம் வரை பல கடைகள் வந்துவிட்டன. எந்தக் கடையாக இருந்தாலும் உட்காருவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இறைச்சி எங்கிருந்து வந்தது, ஹலால் அத்தாட்சி இருக்கிறதா? தொட்டுக்கொள்ளும் சோஸில் மிரின், சாக்கே சேர்த்திருக்கிறார்களா? இரண்டும் அரிசியிலிருந்து வரும் மது வகைகள், ஜப்பானியச் சமையலில் உப்பு, சீனி மாதிரிச் சாதாரணமாகப் போடுவார்கள். மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். இந்த வகைக் கடைகளில் பன்றி இறைச்சியும் சுடுவது வழக்கம். அதே கம்பித் தட்டா, அதே இடுக்கியா? இதற்கு மேல் மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுக்கு உரியது. ஜப்பானிலேயே ஹலால் முறையில் அறுக்கும் இடங்களும், டோக்கியோவில் ஹலால் சுட்டிறைச்சிக் கடைகளும் இருக்கும்போது, கொழும்பில் கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரிய பதில் இனித்தான். தேநீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சாப்பாட்டின் பெயர் யாக்கினிக்கு. யாக்கி என்றால் சுட்டது, நிக்கு என்றால் இறைச்சி. மேசை நடுவில் அடுப்பு, அதன் மேல் கம்பித் தட்டு. மெல்லிசாக வெட்டிய இறைச்சித் துண்டை நாமே வைத்துத் திருப்பி எடுத்து, சோஸில் தொட்டுச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் சமையல். ஆனால் இதைச் சாப்பிடும் நாடு ஆயிரத்துக்கும் அதிகமான வருடங்கள் மாட்டை வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த நாடு.

கி.பி. 675இல் தென்மு என்ற ஜப்பானியப் பேரரசர் ஒரு கட்டளை போட்டார். மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தையும் உண்ணக் கூடாது. அரச குடும்பம் பௌத்தத்தைத் தழுவி வளர்த்த காலம் அது. ஆனால் கட்டளையைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள். தடை வருடம் முழுக்க அல்ல, நான்காம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதம் வரைதான். அதாவது வயல் வேலை நடக்கும் காலம். காட்டுப்பன்றியும் மானும் பட்டியலிலேயே இல்லை, அவை பயிரை அழிக்கிறவை. மாடு உழும், குதிரை சுமக்கும், நாய் காவல் காக்கும், சேவல் விடிந்ததைச் சொல்லும். ஜீவகாருண்யம் இருந்தது உண்மை, அதோடு வயல் கணக்கும் இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம்முடைய கண்டி இராச்சியம்தான் நினைவுக்கு வந்தது. 1660 முதல் 1679 வரை இங்கே கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில், இந்நாட்டில் மாட்டிறைச்சி உண்ணக் கூடாது, அது அருவருப்பாகக் கருதப்பட்டது என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் அந்த இராச்சியத்தில் வாழ்ந்த முஸ்லிம்கள் மாட்டோடு என்ன செய்தார்கள்? மாட்டின் மேல் பொதி ஏற்றினார்கள். 'மடிகே பத்த' என்ற அரச போக்குவரத்துப் பிரிவில் நம் முன்னோர் பலர் சேவை செய்தார்கள். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் தவளத்தில் ஏறி மலைக்கு வந்தன, மலையிலிருந்து பாக்கு கீழே போனது. மடிகே என்ற பெயரோடு ஊர்கள் இன்றும் இருக்கின்றன. மலைநாட்டு முஸ்லிமையும் மாட்டையும் ஒன்றாகச் சொல்கிறவர்களுக்கு இறைச்சிக் கடை மட்டும்தான் கண்ணில் படுகிறது. தவளம் படுவதில்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

ஜப்பானுக்குத் திரும்புவோம். தடை என்றால் தடைதான், ஆனால் நாக்கு சும்மா இருக்குமா? காட்டுப்பன்றி இறைச்சிக்கு 'மலைத் திமிங்கிலம்' என்று பெயர் வைத்தார்கள். திமிங்கிலம் மீன் கணக்கில் சேர்ந்துவிடும் அல்லவா! ஹிக்கோனே என்ற சிற்றரசு மாட்டிறைச்சியை மிசோவில் ஊறவைத்து எடோவிலிருந்த ஷோகனுக்கு அன்பளிப்பாக அனுப்பிவந்தது. சாப்பாடாக அல்ல, மருந்தாக! ஏழைக்குப் பாவமாக இருந்தது மேல்வீட்டில் மருந்தாக இருந்தது. எல்லா ஊரிலும் இப்படித்தான் போலிருக்கிறது.

1872 ஜனவரியில் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்ற செய்தியை அரண்மனையே வெளியிட்டது. மேற்கு நாடுகளுக்குச் சமமாக நிற்க வேண்டும், சிப்பாய்களின் உடம்பு வளர வேண்டும் என்பது அரசாங்கத்தின் எண்ணம். அடுத்த மாதமே துறவிகள் கூட்டம் ஒன்று அரண்மனைக்குள் புக முயன்றது. இறைச்சி தின்று நாட்டின் ஆன்மா அழிகிறது என்பது அவர்களுடைய முறைப்பாடு. அவர்களில் சிலர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. 2013 மே 24, வெசாக் நாளில், தலதா மாளிகைக்கு அருகே ஒரு பிக்கு மாடறுப்பைத் தடை செய்யக் கோரித் தன் உடம்பில் தீ மூட்டிக்கொண்டு உயிரிழந்தார். அந்த வேதனையைக் கேலி செய்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அது தவறு. அவருடைய கோரிக்கையோடு நான் உடன்படவில்லை, ஆனால் அதன் வேர் நொக்ஸ் காலத்துக்கும் முந்தியது என்பதைத் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும்.

பேரரசர் சாப்பிட்ட பிறகு நகரத்து ஜப்பானியர் மாட்டிறைச்சியைச் சட்டியில் போட்டு வேகவைத்துச் சாப்பிடப் பழகினார்கள். சதையைத்தான். குடல், இரைப்பை, ஈரல் எல்லாம் கழிவு. யாக்கினிக்கு உண்மையில் அந்தக் கழிவிலிருந்துதான் தொடங்குகிறது.

1910இல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. நிலம் இழந்தவர்களும் வேலை தேடியவர்களும் கப்பலேறினார்கள், பின்னாளில் போர்க்காலத்தில் கட்டாயமாகவும் கொண்டுபோகப்பட்டார்கள். ஜெஜு தீவிலிருந்து ஒசாக்காவுக்கு நேரடிக் கப்பலே ஓடியது. தொழிற்சாலை, சுரங்கம், வீதி வேலை. சம்பளம் குறைவு, வாடகைக்கு வீடு கிடைக்காது. நம்மூர்த் தோட்டத்து லயங்களைத் தெரிந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. 1945இல் போர் முடிந்தபோது ஜப்பானில் சுமார் 20 இலட்சம் கொரியர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் திரும்பிப் போக, சுமார் 6 இலட்சம் பேர் அங்கேயே தங்கினார்கள்.

பசிக் காலம். ஜப்பானியர் வேண்டாம் என்று ஒதுக்கிய உள்ளுறுப்புகளை வாங்கி, கழுவி, பூண்டும் மிளகாயும் எள்ளெண்ணெயும் சேர்த்து, கரி அடுப்பில் சுட்டு விற்றார்கள் இந்த மக்கள். அதற்கு ஹோருமோன் என்று பெயர். உடம்புக்குச் சக்தி தரும் ஹோர்மோன் என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள் சிலர். ஒசாக்காப் பேச்சில் 'வீசி எறியும் பொருள்' என்பதுதான் அப்படி ஆனது என்கிறார்கள் வேறு சிலர். மொழி அறிஞர்கள் எதைச் சொன்னாலும், அந்த மக்களின் மனதில் நின்றது இரண்டாவது கதைதான்.

நம்மிடமும் ஒரு சொல் இருக்கிறது: பாபத். மலாய் மொழியில் 'பாபட்' என்றால் மாட்டின் இரைப்பை. மலாய்ச் சகோதரர்கள் இந்நாட்டுக்குக் கொண்டுவந்த சொல் அது, இன்று சிங்களவரும் அதையே சொல்கிறார்கள். சுண்ணாம்பும் சுடுநீரும் போட்டுச் சுரண்டி வெள்ளையாக்கி, மிளகும் இஞ்சியும் இடித்து உம்மாமார் ஆக்கும் அந்தக் கறியைப் பற்றி வெளியே பேச இப்போது நம் பிள்ளைகள் கூசுகிறார்கள். அதே பிள்ளைகள்தான் யாக்கினிக்குக் கடையில் இரைப்பைத் துண்டைச் சுட்டுப் படம் எடுத்துப் போடுகிறார்கள்!

1946இல் ஒசாக்காவிலும் டோக்கியோவிலும் கொரியர்களின் சுட்டிறைச்சிக் கடைகள் முறையாகத் திறக்கப்பட்டன. பெயர் இருந்தது, மரியாதை இல்லை. இந்த இடத்தில் இலங்கையரான நமக்கு ஒரு சங்கடம் வருகிறது. 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜே.ஆர். ஜயவர்தன ஜப்பானை மன்னிக்கச் சொல்லிப் பேசியதைப் பாடப் புத்தகத்தில் பெருமையோடு படிப்பிக்கிறோம். பெருமைக்குரியதுதான். ஆனால் அந்த உடன்படிக்கை 1952 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, ஜப்பானில் வாழ்ந்த கொரியர்கள் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தார்கள். ஒரே நாளில் அந்நியர். அதற்கு நான்கு வருடம் முன்பு, 1948இல், நமது நாடாளுமன்றம் மலையகத் தமிழர்களுக்குச் செய்ததும் இதுவே. அரச வேலை இல்லை, பெரிய கம்பெனியில் இடமில்லை என்ற நிலையில் கொரியக் குடும்பங்களுக்குக் கிடைத்த வழிகளில் ஒன்றுதான் இந்த இறைச்சிக் கடை. ஒசாக்காவின் சுருஹாஷி ரயில் நிலையத்தில் இறங்கினால் இன்றும் அந்தப் புகை வாசனைதான் வரவேற்கும்.

பிறகு எப்படி இது பணக்காரத் தெருவுக்கு வந்தது? பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, பாதி இயந்திரக் கதை. முன்பு சாப்பிட்டு எழுந்தால் உடுப்பு முழுக்கப் புகை நாறும். 1980இல் நாகோயா கம்பெனி ஒன்று, புகையை மேசைக்குக் கீழேயே இழுத்துவிடும் அடுப்பைக் கொண்டுவந்தது. அலுவலகப் பெண்களும் குடும்பங்களும் உள்ளே வரத் தொடங்கினார்கள். 1991இல் மாட்டிறைச்சி இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது, சாதாரண இறைச்சி மலிந்தது. உயர்ந்த கடைகள் தம்மை வேறுபடுத்திக் காட்ட வாக்யூ என்ற உள்நாட்டு மாட்டைத் தூக்கிப் பிடித்தன.

அந்த வாக்யூ யார் தெரியுமா? வயலில் உழுத மாடுதான். 1950களிலும் 60களிலும் கை உழவு இயந்திரம் வரும்வரை ஜப்பானியக் கிராமத்தில் ஏர் இழுத்தது அதன் முன்னோர். இயந்திரம் வந்ததும் மாட்டுக்கு வேலை போனது, இறைச்சிக்காகவே வளர்த்தார்கள். கலேவெலயிலும் தம்புள்ளைப் பக்கமும் வயலில் டொக் டொக் என்று ஓடும் லேண்ட்மாஸ்டர் இங்கே செய்த வேலையும் அதுவே. நம் வயல்களில் எருமை ஏர் பூட்டியதைப் பார்த்த கடைசித் தலைமுறைக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இனி நம் கதை. 2020 செப்டெம்பரில் நாட்டில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. 1893ஆம் ஆண்டின் பிரித்தானியர் காலச் சட்டம், 1958ஆம் ஆண்டின் மிருகங்கள் சட்டம் போன்றவற்றைத் திருத்தும் பேச்சு 2021 வரை போனது. பலர் கவனிக்காத ஒரு பகுதி அந்த யோசனைக்குள் இருந்தது: மாட்டிறைச்சி உண்பவர்களுக்காக இறைச்சியை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுப்பது. அதாவது சாப்பிடுவதற்குத் தடையில்லை. நாம் அறுப்பதற்குத்தான் தடை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கறுவாத்தோட்டத்துத் தட்டுக்கு எந்தக் குறையும் வந்திருக்காது, அந்த வாக்யூ எப்போதும் விமானத்தில்தான் வருகிறது. குறை வந்திருப்பது நம்மூர்ச் சந்தையில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருப்பவருக்கு. அதைவிட, பால் வற்றிய மாட்டையும் வேலைக்கு உதவாத காளைக் கன்றையும் விற்றுத்தான் அடுத்த மாடு வாங்கும் சிங்கள, தமிழ் விவசாயிக்கு. முதிய மாடுகளுக்கு ஒரு திட்டம் வரும் என்றார்கள். திட்டத்துக்குப் புல்லும் தண்ணீரும் யார் போடுவது என்பதை அந்த விவசாயியிடம் கேட்டவர் இல்லை. 2022இல் நாடே எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்றபோது இந்தப் பேச்சு அடங்கியது. மறுபடி வராது என்று நான் சொல்ல மாட்டேன். வந்தால், மார்க்க உரிமை என்று மட்டும் பேசாமல் பால் பண்ணைக்காரரோடு சேர்ந்து பேசுங்கள்.

ஒன்றை மட்டும் நினைத்துப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து உறையவைத்து வரும் பெட்டியில் பெரும்பாலும் எலும்பு நீக்கிய சதைதான் இருக்கும். பாபத் வராது. சூப்புக்குக் காலும் வராது. வெள்ளிக்கிழமை காலையில் கால் கிலோ ஈரல் வாங்கிப் போகும் வீட்டுக்கு அந்தப் பெட்டியில் ஒன்றுமில்லை.