மற்ற மூன்று கால்கள்

கால் முறிந்த குதிரையைக் கொன்றுவிடும் வழக்கத்தை மனிதரின் இரக்கமின்மை என்றே பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்கப் பந்தயக் குதிரைகள் இரண்டின் வரலாறு வேறு காரணம் காட்டுகிறது. 1975 ஜூலை 6 அன்று நியூயார்க்கின் பெல்மாண்ட் பார்க்கில் ரஃபியன் என்ற பெண் குதிரையின் வலது முன்னங்கால் முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் மயக்கம் தெளிந்தபோது, அது இன்னும் ஓடுவதுபோல் உதைத்துக் காலை மீண்டும் சிதைத்துக்கொண்டது. விடியுமுன் கருணைக்கொலை செய்தார்கள். 2006 மே 20 அன்று பார்பரோ என்ற குதிரையின் வலது பின்னங்கால் நொறுங்கியபோது மருத்துவம் முன்னேறியிருந்தது. பென்சில்வேனியாவின் நியூ போல்டன் கால்நடை மருத்துவ மையத்தில் அறுவை மருத்துவர் டீன் ரிச்சர்ட்சன் தகடும் திருகுகளும் வைத்து எலும்பைப் பொருத்தினார். நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டே மயக்கம் தெளிவித்தார்கள்.

அப்படியும் 2007 ஜனவரி 29 அன்று பார்பரோவைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. காரணம் முறிந்த எலும்பு மட்டுமல்ல. உடல் எடை நல்ல கால்களில் சாய்ந்ததால், லாமினைடிஸ் என்னும் அழற்சி முதலில் இடது பின்னங்குளம்பையும், பிறகு முன்னங்குளம்புகளையும் தாக்கியது. படுக்கவைத்திருக்கலாமே என்று கேட்கலாம். சுமார் 500 கிலோ உடல் நெடுநாள் படுத்தால் தசையும் நுரையீரலும் கெடும். தூளியில் தொங்கவிட்டால் தோல் புண்ணாகும். ஆனாலும் எட்டு மாதச் சிகிச்சை வீணென்று சொல்ல முடியாது. காயம்பட்ட காலைப் பேணுவது என்பது மற்ற மூன்று கால்களையும் காப்பதே என்று அது கற்பித்தது.