கையெழுத்து யாருடையது?

விவாகரத்து என்றதும் பெண்கள் முதலில் கேட்பது, குழந்தை யாரிடம் இருக்கும் என்று. குழந்தைக்காக யார் கையெழுத்துப் போடுவது என்ற கேள்வி பிறகுதான் வரும். எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இயற்கைப் பாதுகாவலர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்கிறது. 5 வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவள். பத்திரத்தில் கையெழுத்து அவனுடையது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு மட்டும் தாய் முதலில் வருகிறாள். ஆண் பொறுப்பேற்க வராத இடம் பார்த்துக் கொடுத்தார்கள் போலும்!

1984இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன், கணவர் சம்மதத்துடன், மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கத் தானே பாதுகாவலராகக் கையெழுத்திட்டார். வங்கி தந்தையின் கையெழுத்தைக் கேட்டது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். விவாகரத்து வழக்கின் நடுவில் இருந்த வந்தனா சிவாவும் போனார். 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: ‘பின்’ என்றால் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் தாய் பாதுகாவலர்தான்.

பயனுள்ள தீர்ப்பு. ஆனால் பிரிவை ரத்து செய்யாமல் ஒரு சொல்லுக்குப் புதுப் பொருள் சொன்னதோடு நின்றார்கள். அதனால் தந்தை அக்கறையில்லாதவர், அல்லது அவரே சம்மதித்தார் என்று காட்ட வேண்டிய வேலை தாயின் தலையில் விழுந்தது. இருவருக்கும் சம இடம் கொடுங்கள் என்று சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அந்தச் சொல்லைத் தொடவில்லை.