வளி மாசடைதல்: வகைகளும் அவை வரும் வழிகளும்

2022 டிசம்பர் 9 ஆம் திகதி இலங்கையின் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. சீரற்ற காலநிலையோடு வளியின் தரமும் மோசமடைந்ததே காரணம். யாழ்ப்பாணம், கொழும்பு உட்படப் பல நகரங்களின் மேல் சாம்பல் நிறப் புகார் படிந்திருந்தது. வங்காள விரிகுடாவில் உருவான மண்டூஸ் புயலை ஒட்டி வீசிய காற்று, இந்திய நிலப்பரப்பின் மாசடைந்த வளியை இத்தீவின் மேல் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

சில நாட்களில் அந்தப் புகார் கலைந்துவிட்டது. ஆனால் வளி மாசடைதல் அத்தகைய நாட்களோடு முடிந்துபோகும் விடயமல்ல. அடுப்படியிலும் தெருவோரத்திலும் குப்பை எரியும் வளவிலும் அது தினமும் உருவாகிறது. எந்த மாசு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான், எதை நாமே நிறுத்தலாம், எதற்கு யாரிடம் முறையிடலாம் என்பது விளங்கும்.

வளி மாசடைதல் என்றால் என்ன?

உலர்ந்த தூய வளியில் சுமார் 78 வீதம் நைதரசனும் 21 வீதம் ஒட்சிசனும் உண்டு. எஞ்சிய சிறு பங்கில் ஆகனும் காபனீரொட்சைட்டும் வேறு சில வாயுக்களும் அடங்கும். இந்த வளியில் மனிதருக்கோ விலங்குகளுக்கோ பயிருக்கோ கட்டடங்களுக்கோ தீங்கு செய்யும் அளவில் வாயுக்களோ துணிக்கைகளோ கலப்பதே வளி மாசடைதல் ஆகும்.

மாசுக்களை இரு பெரும் பிரிவாகப் பிரிப்பர். புகைபோக்கியிலிருந்தோ வாகனத்திலிருந்தோ நேரடியாக வெளிவருபவை முதன்மை மாசுக்கள். அவ்வாறு வெளிவந்தவை வளியில் ஒன்றோடொன்று தாக்கமுற்று உருவாக்குபவை துணை மாசுக்கள். வாகனப் புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுக்களும் ஐதரோக்காபன்களும் சூரிய ஒளியில் தாக்கமுற்று நிலமட்ட ஓசோனை உண்டாக்குவது இதற்கு உதாரணம். மேல் வளிமண்டலத்தில் எம்மைக் காக்கும் அதே ஓசோன், நாம் சுவாசிக்கும் மட்டத்தில் நுரையீரலைப் புண்படுத்தும் நச்சாகிறது.

முக்கிய மாசுக்கள்

நுண்துணிக்கைகள்: புகை, தூசு, சாம்பல், கரி ஆகியவற்றின் மிகச் சிறிய துகள்கள் இவை. விட்டம் 10 மைக்ரோமீற்றருக்குக் குறைந்தவை மூச்சோடு உள்ளே செல்லும். 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்தவை நுரையீரலின் ஆழம் வரை சென்று, அவற்றுள் மிகச் சிறியவை குருதியிலும் கலக்கும். தலைமயிர் ஒன்றின் தடிப்பில் இவை ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. ஆஸ்துமா, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றுடன் இவற்றுக்குத் தொடர்பு உண்டு.

காபனோரொட்சைட்டு: எரிபொருள் முழுமையாக எரியாதபோது உருவாகும். நிறமோ மணமோ இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் இறுகப் பிணைந்து ஒட்சிசன் செல்வதைத் தடுக்கும். பூட்டிய அறைக்குள் மின்பிறப்பாக்கியோ கரி அடுப்போ இயங்கினால் உறக்கத்திலேயே உயிர் போகலாம்.

கந்தகவீரொட்சைட்டு: கந்தகம் கலந்த நிலக்கரி, எண்ணெய் என்பன எரியும்போது வரும். அமில மழைக்கு இது ஒரு காரணம். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நிலக்கரிப் புகார் சில நாட்களிலேயே சுமார் 4,000 பேரின் உயிரைப் பறித்தது. பிந்திய மதிப்பீடுகள் அதனை 12,000 வரை உயர்த்துகின்றன.

நைதரசன் ஒட்சைட்டுக்கள்: உயர் வெப்பநிலையில் எரிதல் நிகழும் வாகன இயந்திரங்களிலும் மின்நிலையங்களிலும் உருவாகும்.

ஈயம்: முன்பு பெற்றோலில் சேர்க்கப்பட்டது. சிறுவரின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இலங்கையில் 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் கைவிடப்பட்டது. பழைய மின்கலங்களை உருக்கும் இடங்களில் இந்த ஆபத்து இன்னும் உண்டு.

எங்கிருந்து வருகின்றன?

கடல் உப்பு, மகரந்தம், புழுதி, காட்டுத்தீ, எரிமலை என்பன இயற்கை மூலங்கள். மனிதரால் வரும் மூலங்களை நான்காக நோக்கலாம்.

முதலாவது, நிலையான மூலங்கள். மின்நிலையம், சீமெந்துத் தொழிற்சாலை, செங்கல் மற்றும் சுண்ணாம்புச் சூளை, கல் உடைக்கும் ஆலை ஆகியன இதில் அடங்கும். 900 மெகாவாற் கொள்ளளவுடைய நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்திலிருந்து நிலக்கரித் தூளும் சாம்பலும் பறந்து வருவதாக அயற்கிராம மக்கள் பல ஆண்டுகளாக முறையிடுகின்றனர்.

இரண்டாவது, நகரும் மூலங்கள். டீசலில் ஓடும் பழைய பஸ்களும் லொறிகளும் கரியைக் கக்குகின்றன. ரயரும் பிரேக்கும் தேய்வதால் எழும் தூசும், மூடாமல் மணலும் கிரவலும் ஏற்றிச் செல்லும் வாகனங்களின் புழுதியும் இதனோடு சேரும்.

மூன்றாவது, பரந்த மூலங்கள். குப்பை எரித்தல், வயல் வைக்கோலுக்குத் தீ வைத்தல் போன்றவை தனித்தனியே சிறியவை, சேரும்போது பெரியவை. பிளாஸ்ரிக்கும் பொலித்தீனும் எரியும்போது டயொக்சின் போன்ற கொடிய நச்சுக்கள் வெளிவரலாம். திறந்த வெளியில் இவற்றை எரிப்பது 2017 முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்டுள்ளது.

நான்காவது, எல்லை கடந்து வருபவை. ஒக்டோபர், நவம்பரில் வட இந்தியாவில் அறுவடை முடிந்த வயல்கள் எரிக்கப்படுகின்றன. குளிர்காலத்தில் நிலத்துக்கு அண்மையிலேயே தேங்கும் புகை, வடகீழ்ப் பருவக்காற்றோடு வங்காள விரிகுடாவைக் கடந்து வரும்போது வட மாகாணம் அதன் வழியிலேயே இருக்கிறது.

வீட்டுக்குள் இருக்கும் புகை

வளி மாசு என்றதும் தொழிற்சாலைப் புகைபோக்கியே நினைவுக்கு வரும். ஆயினும் விறகு, மண்ணெண்ணெய் போன்றவற்றால் சமைக்கும்போது வீட்டுக்குள் எழும் புகையால் மட்டும் 2020 இல் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் மடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 2,37,000 க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அடுப்பருகே அதிக நேரம் நிற்கும் பெண்களும் அவர்களின் இடுப்பில் இருக்கும் பிள்ளைகளுமே இப்புகையை அதிகம் சுவாசிக்கின்றனர்.

எமது மக்களுக்கு இது நீண்ட கதை. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஜாம் போத்தல் விளக்கின் புகையில் ஒரு தலைமுறை படித்தது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் தறப்பாள் கொட்டில்களுக்குள் ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்தன. 2022 இல் எரிவாயு கிடைக்காதபோது பலர் மீண்டும் விறகுக்குத் திரும்பினர். வருடக்கணக்கில் இருமலும் இளைப்பும் உள்ளவர்கள் மருத்துவரிடம் செல்லும்போது, எத்தனை வருடம் விறகுப் புகையில் சமைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புகைபிடிக்காதவருக்கும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் வரலாம்.

உடைந்த கூரைகளின் தூசு

போர் விட்டுச்சென்ற இன்னொரு மூலமும் உண்டு. செல்வீச்சில் சிதைந்த வீடுகள் பலவற்றின் கூரைகள் அஸ்பெஸ்டஸ் சீற்றுக்களால் ஆனவை. முழுதாக இருக்கும் சீற்றால் ஆபத்து குறைவு. அதை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் வளியில் கலக்கின்றன. இவை நுரையீரலில் தங்கி 20, 30 ஆண்டுகள் கழித்தும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. விடுவிக்கப்பட்ட காணிகளைத் துப்புரவு செய்வோர் சீற்றுத் துண்டுகளை நீரால் நனைத்து, மேலும் உடைக்காமல் எடுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் கூட்டக்கூடாது. பாதை நிரப்பவும் பயன்படுத்தக்கூடாது. முகத்தில் கட்டும் சாதாரண துணி இந்த இழைகளைத் தடுக்காது.

எவ்வளவு பாதுகாப்பானது?

2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துணிக்கைகள் வருடச் சராசரியாக ஒரு கனமீற்றர் வளியில் 5 மைக்ரோகிராமுக்கு மேற்படக்கூடாது என 2021 இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. 2008 இல் திருத்தப்பட்ட இலங்கை நியமம் 25 மைக்ரோகிராமை அனுமதிக்கிறது. எனவே “நியமத்துக்குள் இருக்கிறது” என்று அதிகாரிகள் சொல்லும்போது, எந்த நியமம் என்று கேட்கும் உரிமை எமக்கு உண்டு.

என்ன செய்யலாம்?

அடுப்படிக்குப் புகைபோக்கி வைப்பது, காய்ந்த விறகைப் பாவிப்பது, சமைக்கும்போது கதவு யன்னலைத் திறந்து வைப்பது, குழந்தையை அடுப்பருகே வைத்திருக்காமல் விடுவது ஆகியவை வீட்டிலேயே செய்யக்கூடியவை. பிளாஸ்ரிக்கை எரிக்காமல் வேறாக்கிப் பிரதேச சபையிடம் கொடுக்கலாம். புகார் படியும் நாட்களில் முதியோரும் ஆஸ்துமா நோயாளரும் வெளி வேலைகளைக் குறைப்பது நல்லது.

அயலில் உள்ள ஆலையோ சூளையோ தொல்லை தந்தால் முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச சபைக்கும், பின்னர் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுத்தில் முறையிடலாம். மாசு வெளியேற்றும் பல தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் கட்டாயம். அது இருக்கிறதா, அதன் நிபந்தனைகள் என்ன என்று கேளுங்கள். திகதி, நேரம், காற்றின் திசை, புகைப்படம் ஆகியவற்றைக் குறித்து வைத்து, முறைப்பாட்டின் பிரதி ஒன்றையும் கையில் வைத்திருங்கள்.