ரெட்ரோவைரஸ் தடை மரபணுக்கள்

விலங்குகளின் ரெட்ரோவைரஸ்கள் பல, மனித உயிரணுவுக்குள் புகுந்த பின்னும் பெருக முடியாமல் மடிகின்றன. அவற்றை உள்ளேயே மடக்கும் புரதங்களைச் சில மரபணுக்கள் எந்நேரமும் ஓரளவு ஆக்கி வைத்திருக்கின்றன. இன்டர்பெரான் சுரந்தால் உற்பத்தி கூடுகிறது.

இதன் வரலாறு எலியில் தொடங்குகிறது. இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் எலி வைரஸ் ஒன்றை 1957-இல் சார்லட் ஃபிரெண்ட் விவரித்தார். சில எலிக் கால்வழிகள் அதற்கு மசியவில்லை. அந்த எதிர்ப்பு பரம்பரையாக வருவது என்று ஃபிராங்க் லில்லி காட்டினார். மரபணுவுக்கு எஃப்வி-1 என்று பெயர் வந்தது. எலி வைரஸ்களும் இரண்டாக வகுக்கப்பட்டன: என்.ஐ.எச். எலியில் செழிப்பது ‘என்’ வகை, பால்ப்-சி எலியில் செழிப்பது ‘பி’ வகை. வைரஸின் கேப்சிட் உறைப் புரதத்தில் 110-ஆம் இடத்தில் என் வகைக்கு ஆர்ஜினின், பி வகைக்கு குளுட்டமேட். வேறுபாட்டின் உயிர்நாடி இதுதான். 1996-இல் லண்டன் மில் ஹில்லில் ஜோனதன் ஸ்டோய் குழுவினர் எஃப்வி-1-ஐப் பிரித்தெடுத்தபோது ஒரு விந்தை தெரிந்தது: எலியின் மரபணுத் தொகுதியில் எப்போதோ குடியேறிய பழைய ரெட்ரோவைரஸின் மிச்சமே அது.

மனிதரிடம் எஃப்வி-1 கிடையாது. ஆனாலும் 2000-இல் கிரெக் டவர்ஸ் முதலியோர் சோதித்தபோது, மனித உயிரணுவில் என் வகை முடங்கியது. பி வகை தாராளமாகத் தொற்றியது. இங்கும் அதே 110-ஆம் இடம். தடுப்பது எது என்று தெரியாத நிலையில் அதற்கு ரெஃப்-1 என்று பெயரிட்டனர். வைரஸ் துகள்களை அளவுக்கு மீறிச் செலுத்தினால் தடை தளர்ந்தது. அதாவது, இருப்பு செலவாகித் தீர்ந்துபோகும் ஏதோ ஒரு பொருள்.

விடை 2004-இல் குரங்கிலிருந்து வந்தது. ரீசஸ் குரங்கின் உயிரணுவில் எச்.ஐ.வி.-1-ஐத் தடுப்பது ட்ரிம்5-ஆல்பா என்ற புரதம் என்று பாஸ்டனின் டானா-ஃபார்பர் நிறுவனத்தில் மேத்யூ ஸ்ட்ரெம்லாவ், ஜோசப் சோட்ரோஸ்கி குழு கண்டது. மனித ட்ரிம்5-ஆல்பாவே ரெஃப்-1 என்பதும் அவ்வாண்டே உறுதியானது. இதன் மூலக்கூறுகள் கேப்சிட் மீது அறுகோண வலையாகக் கோத்துக்கொள்கின்றன. உறை அகாலத்தில் சிதைய, ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் வேலை பாதியில் நிற்கிறது. எலி வைரஸிடம் இத்தனை கறாரான மனிதப் புரதம் எச்.ஐ.வி.யிடம் ஏமாந்துவிடுகிறது. அதன் 332-ஆம் இடத்து ஆர்ஜினினை எடுத்துவிட்டு புரோலினை வைத்தால் போதும், எச்.ஐ.வி.யையும் பிடிக்கிறது.

ஏப்போபெக்-3ஜி என்ற மற்றொரு தடைப் புரதம் வேறு வழியில் வேலை செய்கிறது. 2002-இல் ஆன் ஷீஹி, மைக்கேல் மாலிம் ஆகியோர் கண்டறிந்த இது, புதிய வைரஸ் துகளுக்குள் ஏறிக்கொண்டு அடுத்த உயிரணுவில் அதன் டி.என்.ஏ.வைப் பிழைகளால் நிரப்புகிறது. எச்.ஐ.வி. தன் விஃப் புரதத்தால் இதை ஒழித்துவிடும். எலி வைரஸுக்கு விஃப் இல்லாததால் அடி பலமாகவே விழுகிறது.

பன்றி உள்ளுறை ரெட்ரோவைரஸ் மனித உயிரணுவைத் தொற்றவல்லது என்று 1997-இல் ஆய்வகத்தில் தெரிந்தபோது உறுப்பு மாற்றுத் துறை பீதியடைந்தது. ட்ரிம்5-ஆல்பா அதைத் தடுப்பதில்லை, ஏப்போபெக்-3ஜி ஒடுக்குகிறது. பன்றித் திசு ஏற்ற 160 பேரைச் சோதித்த 1999 ஆய்வில் ஒருவரிடமும் தொற்று இல்லை. ஆயினும் 2024-இல் பாஸ்டனில் நோயாளிக்குப் பொருத்திய பன்றிச் சிறுநீரகத்தில் இவ்வைரஸின் 59 நகல்களை முடக்கியே அனுப்பினர்.

டெதரின் 2008-இலும் சாம்எச்டி1 2011-இலும் இத்தடைப் புரதங்களின் பட்டியலில் சேர்ந்தன.