லண்டன் – நியூயார்க்: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 5,550 கிலோமீட்டர். போகவும் வரவும் தொலைவு ஒன்றே; நேரம்தான் ஒன்றல்ல. லண்டனிலிருந்து நியூயார்க் போய்ச் சேர ஏறத்தாழ எட்டு மணி நேரம் பிடிக்கும். திரும்பி வர ஏழு மணி நேரமோ அதற்கும் குறைவோ போதும்.

காரணம் காற்று. வட அட்லாண்டிக்குக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓயாமல் வீசுகிறது. லண்டன் திரும்பும் விமானத்தை அது பின்னிருந்து தள்ளுகிறது. நியூயார்க் போகும் விமானத்தை எதிர்த்து நிற்கிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மேலும் கூடும்.

2020 பிப்ரவரியில் கியாரா புயல் வீசியபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்து சேர்ந்தது. தரையை வைத்துக் கணக்கிட்டால் அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியின் வேகத்தை மீறவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றில் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது, அந்தக் காற்றே கிழக்கு நோக்கி விரைந்துகொண்டிருந்தது.

உருண்டையான பூமியில் இவ்விரு நகரங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வழி பெருவட்டப் பாதை. தட்டையான வரைபடத்தில் அது வடக்கே வளைந்து, அயர்லாந்து, நியூபவுண்ட்லாந்து வழியாகச் செல்வதுபோல் தெரியும். விமானங்கள் எப்போதும் அதையே பின்பற்றுவதில்லை. காற்றின் போக்கைக் கணித்துக் கடலுக்கு மேலான வழித்தடங்கள் அன்றன்றைக்குப் புதிதாக வகுக்கப்படுகின்றன. கிழக்கு நோக்கியவற்றைக் கனடாவின் கேண்டர் கட்டுப்பாட்டு மையமும், மேற்கு நோக்கியவற்றை பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் ஷான்விக் மையமும் வகுக்கின்றன. காற்று சாதகமாக இருந்தால், சுற்றிப் போகும் வழியே சீக்கிரம் கொண்டு சேர்த்துவிடும்.

இத்தடத்தில் ஜெட் விமானச் சேவையை 1958 அக்டோபர் 4 அன்று பி.ஓ.ஏ.சி. நிறுவனம் காமெட் 4 விமானங்களைக் கொண்டு தொடங்கியது. அன்று லண்டன் வந்த விமானத்துக்கு ஆறேகால் மணி நேரம் ஆனது. எதிர்த்திசையில் சென்றது கேண்டரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டதால், பத்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

1977 நவம்பரில் இத்தடத்துக்கு வந்த கான்கார்டு விமானம், ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறந்து, பயணத்தை ஏறத்தாழ மூன்றரை மணி நேரமாகக் குறைத்தது. 1996 பிப்ரவரி 7 அன்று அது 2 மணி 52 நிமிடம் 59 விநாடிகளில் நியூயார்க்கிலிருந்து லண்டனை எட்டியது. பயணிகள் விமானங்களில் இச்சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை. கான்கார்டு 2003இல் ஓய்வு பெற்றது.

நியூயார்க் நேரம் லண்டனுக்குப் பெரும்பாலும் ஐந்து மணி நேரம் பின்தங்கியது. காலை 10 மணிக்கு ஹீத்ரோவில் கிளம்பி எட்டு மணி நேரம் பறப்பவர், உள்ளூர் நேரப்படி பிற்பகல் 1 மணிக்கு இறங்குவார். இரவு 8 மணிக்கு நியூயார்க்கில் ஏறி ஏழு மணி நேரம் பறப்பவருக்கு லண்டனில் மறுநாள் காலை 8 மணி.