வெளிநாட்டுப் படிப்பும் வாசலில் கேட்ட கேள்விகளும் – ஒரு சிறு வரலாறு



இந்த இரண்டு மாதமாக எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். "சார், பையன் பிளஸ் டூ முடிச்சிட்டான், ஜெர்மனிக்கு எவ்வளவு மார்க் வேணும்?" "மாமா, ஐஇஎல்டிஎஸ் எழுதாம லண்டன்ல சேர முடியுமா?" முப்பத்து நான்கு வருடம் வரலாறு நடத்தியவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது வரலாற்றுக் கேள்விதான். ஒரு பல்கலைக்கழகம் தன் வாசலில் நின்று என்ன கேட்கிறது என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் இன்றைய விதிகளைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. நீளமாக எழுதியிருக்கிறேன். பின் பெஞ்சுக்காரர்கள் இரண்டு தவணையாகப் படிக்கலாம்.

முதலில் ஆக்ஸ்போர்டு. 1581 முதல் அங்கே சேரும் மாணவன் இங்கிலாந்து திருச்சபையின் முப்பத்தொன்பது கொள்கைகளை ஏற்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். கேம்பிரிட்ஜில் சேர்ந்து படிக்கலாம், ஆனால் பட்டம் வாங்கும்போது மதச் சோதனை உண்டு. கத்தோலிக்கர், யூதர், திருச்சபையை விட்டு விலகிய புராட்டஸ்டன்ட் பிரிவினர் எல்லாம் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் அங்கே பட்டதாரி ஆக முடியாது. படிப்பின் தரத்துக்கும் இந்த விதிக்கும் சம்பந்தமே இல்லை. அரசனுக்கும் திருச்சபைக்கும் விசுவாசமானவர்கள்தான் உள்ளே வர வேண்டும் என்ற பயம் போட்ட விதி அது. 1854-லும் 1856-லும் வந்த சட்டங்கள் அதைத் தளர்த்தின. 1871-ல் வந்த சட்டம், இறையியல் தொடர்பானவை தவிர மற்றவற்றுக்கு மதச் சோதனையை ஒழித்தது. ஏறக்குறைய முந்நூறு வருடம் ஆயிற்று!

அந்த முந்நூறு வருடமும் வெளியே நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை. 1826-ல் லண்டனில் மதச் சோதனை இல்லாத ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். 1836-ல் லண்டன் பல்கலைக்கழகம் வந்தது. 1858 முதல், எங்கே படித்திருந்தாலும் அதன் தேர்வை எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். 1878-ல் பெண்களுக்கும் பட்டம் தர ஒப்புக்கொண்டார்கள். நம் சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியபோது அதற்கு மாதிரியாக இருந்தது இந்த லண்டன் பல்கலைக்கழகம்தான். கல்லூரிகள் பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும். நம் தாத்தாக்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட 'மெட்ரிக்குலேஷன்' என்பது அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்கான தேர்வு.

மதம் போனது, மொழி நின்றது. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கணக்குப் படிக்க வந்தவனும் கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் 1919-லும் ஆக்ஸ்போர்டு 1920-லும்தான் கட்டாயக் கிரேக்கத்தைக் கைவிட்டன. லத்தீன் இன்னும் நாற்பது வருடம், 1960 வாக்கில்தான் போனது. கிரேக்கமும் லத்தீனும் யாருக்குத் தெரியும்? பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு. ஒரு தகுதியை எழுதும்போதே யார் வர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிவிடலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இந்த லத்தீனோடு மல்லுக்கட்டிய ஒருவரை உங்களுக்குத் தெரியும். 1888 செப்டம்பரில் கப்பல் ஏறிய மோகன்தாஸ் காந்தி. பாரிஸ்டர் ஆவதற்கு அன்று இரண்டு நிபந்தனைகள். தேர்வுகளில் தேற வேண்டும். பன்னிரண்டு பருவங்களை நிறைவு செய்ய வேண்டும். பருவத்தை நிறைவு செய்வது என்றால், அந்தப் பருவத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விருந்துகளில் போய் உட்கார வேண்டும்! சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதில்லை, ஆள் இருக்க வேண்டும். நாலு பேருக்கு இரண்டு பாட்டில் திராட்சை மது. இவர் குடிக்காதவர் என்பதால் இவரைத் தங்கள் மேசையில் சேர்த்துக்கொள்ளப் போட்டி இருந்ததாம். காந்தியே சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அது மட்டும் போதாது என்று லண்டன் மெட்ரிக்குலேஷனையும் எழுத முடிவு செய்தார். அது பாரிஸ்டர் படிப்புக்குக் கட்டாயமில்லை. முதல் தடவை லத்தீனில் தோற்றார், மறுபடி எழுதி 1890-ல் தேறினார். அந்த லத்தீன் ரோமானியச் சட்டம் படிக்க உதவியது, ரோமானியச் சட்டம் பின்னால் தென்னாப்பிரிக்காவில் வழக்காடக் கை கொடுத்தது. எது கட்டாயம், எது நாமே விரும்பி எடுத்துக்கொள்வது என்று பிரித்துத் தெரிந்திருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து ஒரு பெண். மராட்டியத்தின் ஆனந்திபாய் ஜோஷி, 1865-ல் பிறந்தவர். 1883-ல், பதினெட்டு வயதில், கணவர் துணையில்லாமல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பெண்களுக்கென்றே 1850-ல் தொடங்கப்பட்ட பென்சில்வேனியா மருத்துவக் கல்லூரியில் சேர விண்ணப்பக் கடிதம் எழுதினார். உங்கள் நிபந்தனைகள் எல்லாவற்றையும் நான் பூர்த்தி செய்யாமல் இருக்கலாம், என் நிலை தனிப்பட்டது, கருத்தில் கொள்ளுங்கள் என்று அதில் ஒளிக்காமல் சொன்னார். ஆண் மருத்துவரிடம் போவதைவிடச் சாவதே மேல் என்று நினைக்கும் தன் நாட்டுப் பெண்களுக்காகப் படிக்க வந்திருக்கிறேன் என்றார். கல்லூரி சேர்த்துக்கொண்டது. 1886-ல் மருத்துவர் ஆனார். ஊர் திரும்பிய சில மாதங்களில், 1887 பிப்ரவரியில், நோயில் இறந்துபோனார். இருபத்திரண்டு வயதுகூட நிறையவில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது எப்போதும் கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். நினைவிருக்கிறதா?

எல்லா வாசலும் அப்படித் திறக்கவில்லை. புனேயில் படித்த கொர்னேலியா சொராப்ஜி தேர்வில் முதலிடம் பெற்றும், இங்கிலாந்து போவதற்கான அரசு உதவித்தொகை பெண் என்பதால் கிடைக்கவில்லை. நண்பர்கள் பணம் திரட்டி அனுப்பினார்கள். 1889-ல் ஆக்ஸ்போர்டு சேர்ந்து 1892-ல் சட்டத் தேர்வு எழுதித் தேறினார். ஆனால் பெண்களுக்குப் பட்டம் தர ஆக்ஸ்போர்டு முன்வந்தது 1920-ல். கேம்பிரிட்ஜ் அதற்கு 1948 வரை எடுத்துக்கொண்டது. தேர்வு எழுதலாம், தேறலாம், பட்டம் மட்டும் கிடையாது!

இப்போது நம் கும்பகோணத்துக்காரர். ராமானுஜன் எஃப்.ஏ. தேறாதவர். கும்பகோணத்தில் உதவித்தொகை போனது, சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேறவில்லை. கணக்கு தவிர மற்றப் பாடங்களில் விழுந்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் குமாஸ்தா. 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதத்தில் ஹார்டிக்கு எழுதும்போது, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்தார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அவருக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையும் சென்னைப் பல்கலைக்கழகத்துடையதே.

கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராகச் சேரவும் முறைப்படி முன்தகுதி வேண்டும். அவருக்கு அதைத் தளர்த்தினார்கள். ஆனால் அப்படித் தளர்த்துவதற்கே ஒரு பழைய ஏற்பாடு துணை நின்றது. வெளியிலிருந்து வருபவர்களும் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கலாம் என்று 1895-ல் கேம்பிரிட்ஜ் ஒரு வழியைத் திறந்திருந்தது. நியூசிலாந்திலிருந்து வந்த ரூதர்ஃபோர்டு அந்த வழியில் வந்த முதல் சிலரில் ஒருவர். அதே வழியில்தான் 1916-ல் ராமானுஜன் பி.ஏ. பட்டம் பெற்றார். பிஎச்.டி. என்ற பட்டமே அப்போது கேம்பிரிட்ஜில் கிடையாது.

இதைப் படித்துவிட்டு, "ராமானுஜனே மார்க் இல்லாமல் போனார், என் பையன் போகமாட்டானா?" என்று யாரும் போன் போடாதீர்கள். அவர் வெறும் கையோடு போகவில்லை. இந்தியக் கணிதக் கழக இதழில் 1911-லேயே கட்டுரை வெளியாகியிருந்தது. துறைமுகத்தில் மேலதிகாரிகளான நாராயண ஐயரும் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்காகப் பேசினார்கள். கேம்பிரிட்ஜிலிருந்து சென்னை வந்திருந்த நெவில் நேரில் பார்த்துப் பரிந்துரைத்தார். இன்று விண்ணப்பத்தில் கேட்கிறார்களே, செய்த வேலையின் மாதிரி, நோக்கக் கடிதம், பரிந்துரைக் கடிதம் என்று, அவை மூன்றும் அவரிடம் இருந்தன. விதிவிலக்கு கேட்பவன் விதியைப் பின்பற்றுபவனைவிட அதிகம் உழைக்க வேண்டும்.

பணமும் ஒரு தகுதிதான். விதிப் புத்தகத்தில் அதைப் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள். அண்ணல் அம்பேத்கர் 1913-ல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். படித்து முடித்துச் சமஸ்தானத்தில் பத்து ஆண்டு பணி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. 1916-ல் லண்டன் போய்ப் பொருளியல் படிக்கத் தொடங்கினார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-ல் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. மூளையில் குறை இல்லை, பாக்கெட்டில் குறை. பம்பாயில் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேமித்து, கோலாப்பூர் மகாராஜாவின் உதவியும் சேர்த்து, 1920-ல் மறுபடி போனார். 1923-ல் லண்டனில் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் போனது இன்னொரு வழி. ஆசியப் பெண்களுக்கென்றே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1917-ல் பார்பர் உதவித்தொகை என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அதைப் பெற்றுப் போனவர் 1931-ல் அங்கே டாக்டர் பட்டம் வாங்கினார். அப்படி ஒரு உதவித்தொகை இருக்கிறது என்று தெரிந்திருந்ததே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

இனி இன்றைய தேர்வுகள். 1913-ல் கேம்பிரிட்ஜ் முதன்முதலாக வெளிநாட்டினருக்கு ஆங்கிலத் தேர்வு வைத்தது. பன்னிரண்டு மணி நேரத் தேர்வு. எழுதியது மூன்று பேர், தேறியது யாருமில்லை! அமெரிக்காவில் சாட் தேர்வு 1926-ல் வந்தது. டோஃபல் 1964-ல். ஐஇஎல்டிஎஸ் 1989-ல். அதாவது, ஏதோ ஆதிகாலத்திலிருந்து இருப்பதாக நாம் பயப்படும் ஐஇஎல்டிஎஸ், உங்களில் பலரைவிட வயதில் சின்னது.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒருவர், இப்போது சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். மகள் பொறியியல் முடித்து ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க ஆசைப்பட்டாள். ஓர் ஆலோசனை மையத்தில், ஜிஆர்இ கட்டாயம், பயிற்சிக்கு இவ்வளவு, விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று பெரிய தொகை கேட்டார்கள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கப் புறப்பட்டவர், நல்லவேளை, அதற்கு முன் என்னைப் பார்க்க வந்தார். அந்தப் பெண்ணிடம், "பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்தில் உன் படிப்புக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதை ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டு வாம்மா" என்றேன். மூன்று நாளில் வந்தாள். அவள் தேர்ந்தெடுத்த நான்கு இடங்களில் ஒன்றிலும் ஜிஆர்இ கேட்கவில்லை. ஆனால் இந்திய மாணவர்கள் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம் வாங்க வேண்டிய ஏபிஎஸ் சான்றிதழைப் பற்றி அந்த மையத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேவையில்லாததைக் கட்டாயம் என்றார்கள், கட்டாயமானதைச் சொல்லவே இல்லை. இந்த ஏப்ரலில் அவள் கிளம்பிப் போனாள். வீட்டுப் பத்திரம் பீரோவில்தான் இருக்கிறது.

எல்லா ஆலோசகரும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் விதி நமக்குத் தெரியாதவரை, அடுத்தவர் சொல்வதே விதி. ஆள் பலம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு எழுதி வைத்த விதிதான் துணை. ராமானுஜனுக்குப் பேச நாலு பேர் இருந்தார்கள். பேச ஆள் இல்லாதவன் அந்தக் காகிதத்தை ஒழுங்காகப் படித்துவிட்டால் போதும், யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டாம்.

அதனால் பேரப்பிள்ளைகளிடம் நான் சொல்வது நான்கே விஷயம்.

1. பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்தில், சேரப்போகும் அந்தப் படிப்புக்கான தகுதியைப் படியுங்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு படிப்புக்கு இரண்டு விதி இருக்கும்.

2. சேர்க்கை வேறு, விசா வேறு. இடம் கொடுப்பது பல்கலைக்கழகம், விசா கொடுப்பது அரசு. வங்கியில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்பது அரசின் விதி, அவ்வப்போது மாறும். எந்த ஆண்டுக்கான விதி என்று தேதி பார்த்துப் படியுங்கள்.

3. 'கட்டாயம்', 'விரும்பத்தக்கது', 'தேவையில்லை' என்று மூன்று பத்தி போட்டு நோட்டில் எழுதுங்கள். காந்தி செய்தது அதுதான்.

4. புரியவில்லை என்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். 1883-ல் ஒரு பதினெட்டு வயதுப் பெண் கப்பல் தபால் காலத்தில் எழுதினாள். உங்களுக்கு எழுத என்ன தயக்கம்?

உதவித்தொகை பற்றித் தெரிந்தவர்கள், ஏற்கெனவே வெளிநாட்டில் படிக்கிறவர்கள், நம் பிள்ளைகளுக்குப் பயன்படும்படி கீழே எழுதுங்கள். எந்த நாடு, எந்தப் படிப்பு, எந்த ஆண்டு என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். ஆண்டு போடாத விடைக்கு நான் எப்போதும் மார்க் போட்டதில்லை.

அனைவரும் நலமுடன் இருங்கள்.